மகளுக்கு எழுதிய உலகக் கதை

வரலாறு என்றவுடன் நம்மில் பலருக்கும் ஆண்டுகளின் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. எந்தப் போர் எப்போது நடந்தது, எந்த மன்னனுக்குப் பின் எவன் பட்டமேறினான் என்பவற்றைத் தேர்வுக்கு முந்திய இரவில் மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்து வீடு திரும்புவதற்குள் மறந்தும் விடுகிறோம். ஆனால் திண்ணையில் அமர்ந்து பாட்டி சொன்ன கதை இன்றும் மறக்கவில்லை. காரணம் எளிது. பாட்டியின் கதையில் சொல்பவர் ஒருவர் இருந்தார். கேட்பவர் ஒருவர் இருந்தார். இருவருக்கும் இடையே அன்பு இருந்தது. பாடநூலில் இம்மூன்றும் இல்லை.

இந்த வேறுபாட்டை உணர்ந்து, உலக வரலாறு முழுவதையும் ஒரு சிறுமிக்குச் சொல்லும் கதையாக எழுதியவர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர் பேராசிரியர் அல்லர். வரலாற்றில் பட்டம் பெற்றவரும் அல்லர். அவரை நாம் முதற் பிரதமராக அறிவோம். நவம்பர் 14 அன்று குழந்தைகள் தினத்தில் இனிப்பு வழங்கி நினைவு கூர்வோம். ஆனால் குழந்தைக்கு வரலாறு எழுதிய ஆசிரியர் என்ற முறையில் ஜவாஹர்லால் நேருவை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

கதை கேட்டு வளர்ந்த சிறுவன்

1889ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அலகாபாத்தில் நேரு பிறந்தார். தந்தை மோதிலால் புகழ்பெற்ற வழக்கறிஞர், தாய் சுவரூபராணி. செல்வம் கொழித்த வீடு. ஆயினும் அச்சிறுவனைக் கவர்ந்தவை அவ்வீட்டின் செல்வங்கள் அல்ல. அங்கே முபாரக் அலி என்ற முதிய முன்ஷி இருந்தார். 1857ஆம் ஆண்டுப் புரட்சியில் தம் குடும்பம் அழிந்துபோன துயரத்தைச் சுமந்தவர் அவர். அந்தப் பழைய நாட்களையும் அராபிய இரவுகளின் கதைகளையும் அவர் சொல்லச் சொல்லச் சிறுவன் கண் கொட்டாமல் கேட்பான். தாயும் பெரியவீட்டுப் பெண்களும் இராமாயண, மகாபாரதக் கதைகளைச் சொன்னார்கள். ஆக, வரலாறும் புராணமும் அவருக்கு முதலில் வந்து சேர்ந்தது செவி வழியாகத்தான்.

பின்னர் ஃபெர்டினாண்ட் புரூக்ஸ் என்ற ஆசிரியர் வீட்டிற்கே வந்து கற்பித்தார். படிக்கும் சுவையையும் அறிவியல் ஆர்வத்தையும் ஊட்டியவர் அவர். 1905இல் நேரு இங்கிலாந்து சென்று ஹாரோ பள்ளியில் சேர்ந்தார். அங்கே நன்றாகப் படித்தமைக்குப் பரிசாக ஒரு புத்தகம் கிடைத்தது. இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியைப் பற்றி டிரெவெல்யன் எழுதிய மூன்று நூல்களுள் ஒன்று அது. அதைப் படித்து மயங்கிய மாணவர் மற்ற இரண்டையும் தேடிப் பெற்றுப் படித்து முடித்தார். இத்தாலியின் கதையைப் படிக்கும்போதே இந்தியாவின் விடுதலையைக் கனவு கண்டார். கதையாகச் சொல்லப்பட்ட வரலாறு ஓர் இளைஞனை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு அவரே சான்று.

கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் அவர் எடுத்த பாடங்கள் வேதியியல், நிலவியல், தாவரவியல் ஆகியவை. பின்பு சட்டம் பயின்று 1912இல் தாயகம் திரும்பினார். 1916இல் கமலாவை மணந்தார். 1917 நவம்பர் 19 அன்று மகள் இந்திரா பிறந்தாள்.

மலைக்குச் சென்ற மடல்கள்

விடுதலைப் போர் அந்த வீட்டை ஒரு சத்திரம் போல் ஆக்கிவிட்டது. வருவோரும் போவோரும், கைதாவோரும் விடுதலையாவோருமாக நாட்கள் கழிந்தன. ஒரே மகளோடு அமர்ந்து பேசத் தந்தைக்கு நேரமில்லை.

1928 கோடையில் பத்து வயது இந்திரா முசூரி மலையில் இருந்தாள். நேரு சமவெளியில் இருந்தார். பக்கத்தில் இருந்தால் கேள்விகளுக்கு விடை சொல்லலாம். இல்லாதபோது என்ன செய்வது? கடிதம் எழுதத் தொடங்கினார். பூமி எப்படித் தோன்றியது, உயிர்கள் எப்படி வந்தன, மனிதன் எப்போது பேசக் கற்றான், கூட்டத்துக்குத் தலைவனும் நாட்டுக்கு அரசனும் எப்படி வந்தார்கள் என்று படிப்படியாக 30 கடிதங்கள் எழுதினார். அவற்றைப் படித்த நண்பர்கள் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று வற்புறுத்தவே, 1929இல் அலகாபாத்தில் அவை நூலாயின. இந்தியில் மொழிபெயர்த்தவர் புகழ்பெற்ற எழுத்தாளர் பிரேம்சந்த்.

அந்நூலின் தொடக்கத்திலேயே நேருவின் கற்பிக்கும் முறை தெரிந்துவிடுகிறது. அவர் மன்னர்களிடமிருந்து தொடங்கவில்லை. வழியில் கிடக்கும் ஒரு கூழாங்கல்லிலிருந்து தொடங்குகிறார். அது ஏன் உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கிறது? ஒரு காலத்தில் அது முனைகள் கூர்மையான பாறைத் துண்டு. மழைநீர் அதை ஓடைக்குத் தள்ளியது. ஓடை ஆற்றுக்குக் கொண்டு சென்றது. ஆறு உருட்டி உருட்டி முனைகளைத் தேய்த்தது. கேம்பிரிட்ஜில் நிலவியல் படித்த படிப்பு இங்கே ஒரு குழந்தைக்குக் கதையாகிறது. எழுதப்பட்ட ஏடுகள் மட்டுமே வரலாறு அல்ல, கல்லும் மண்ணும் எலும்பும்கூடப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஏடுகளே என்பது அதன் உட்பொருள்.

சிறைக்குள் விரிந்த உலகம்

1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஏப்ரல் மாதம் கைதான நேரு அக்டோபர் 11 அன்று விடுதலையானார். எட்டே நாளில் மீண்டும் கைதானார். நைனி சிறையில் அவர் அடைபட்ட சில நாட்களில் மகளின் பிறந்தநாள் வந்தது. அக்குடும்பம் பின்பற்றிய நாட்காட்டிப்படி அது அக்டோபர் 26. பதின்மூன்று வயது நிறையும் மகளுக்குச் சிறைக்குள்ளிருந்து எதைப் பரிசாக அனுப்ப முடியும்? மதில்களால் தடுக்க முடியாத ஒன்றைத் தர எண்ணினார். அன்று எழுதிய கடிதமே உலக வரலாறு என்னும் பெருநூலின் தொடக்கம்.

அந்த நாட்களில் அச்சிறுமியின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தை சிறையில். தாத்தா மோதிலால் சிறை சென்று உடல் நலிந்து வெளிவந்திருந்தார். 1931 ஜனவரி முதல் நாள் தாய் கமலாவும் கைதானார். பிப்ரவரி 6 அன்று தாத்தா மறைந்தார். மற்றப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் பிற்காலத்தில் படித்த வரலாறு அவள் வீட்டு முற்றத்திலேயே நடந்துகொண்டிருந்தது.

அவ்வாண்டு ஜனவரி இறுதியில் விடுதலையான நேரு, மனைவியோடும் மகளோடும் ஓய்வுக்காக இலங்கை சென்றார். திரும்பும்போது குமரிமுனையின் அமைதியில் திளைத்தார். மூவரும் ஒன்றாக இருந்த அரிய நாட்கள் அவை. டிசம்பர் 26 அன்று மீண்டும் கைது. பரேலி, டேராடூன் சிறைகளில் எழுத்து தொடர்ந்தது. 1933 ஆகஸ்ட் 9 அன்று கடைசிக் கடிதம் முடிந்தபோது மொத்தம் 196 கடிதங்கள் சேர்ந்திருந்தன.

நூலகம் இல்லாத இடத்தில் உலக வரலாறு எழுதுவது எளிய செயலா? வந்து சேர்ந்த சில புத்தகங்கள், படித்தவற்றிலிருந்து எடுத்து வைத்த குறிப்பேடுகள், நினைவாற்றல் ஆகியவையே அவருடைய கருவிகள். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் எழுதிய உலக வரலாறு பெரிதும் துணை நின்றது. 1934இல் அலகாபாத் கிதாபிஸ்தான் பதிப்பகம் கடிதங்களை இரு தொகுதிகளாக வெளியிட்டது. அப்போதும் அவர் சிறையில்தான் இருந்தார். அச்சுப் பணியைக் கவனித்துக்கொண்டவர் தங்கை விஜயலட்சுமி பண்டிட். தமிழில் இந்நூலை உலக சரித்திரம் என்ற பெயரில் தந்தவர், விடுதலைப் போராட்ட வீரரும் பின்னாளில் மத்திய அமைச்சராக இருந்தவருமான ஓ. வி. அளகேசன்.

எல்லார்க்கும் இடமுள்ள கதை

அக்காலத்தில் நம் பள்ளிகளில் உலக வரலாறு என்று படித்தது பெரும்பாலும் ஐரோப்பாவின் வரலாறே. கிரேக்கம், உரோமாபுரி, பின்பு இங்கிலாந்து. இடையே ஆசியா ஓர் ஓரத்தில். நேரு இந்த அமைப்பை மாற்றினார். ஐரோப்பாவில் ஒன்று நடக்கும்போது சீனாவில் என்ன நடந்தது, அராபியர் என்ன கண்டுபிடித்தனர், பாரசீகம் எப்படி இருந்தது என்று ஒரே காலத்தில் பல நாடுகளைச் சுற்றி வருகிறார். சோழப் பேரரசர் இராசராசரும் இராசேந்திரரும் அவர்களுடைய கடற்படையும் அதில் வருகின்றனர். கம்போடியாவின் அங்கோரும் கடல் கடந்த ஸ்ரீவிஜயப் பேரரசும் வருகின்றன. தென்னாடு அவர் கதையில் விடுபட்டுப் போகவில்லை.

மன்னர்களைப் பற்றி எழுதும்போதும் அவர்களுடைய அரண்மனையோடு அவர் நின்றுவிடுவதில்லை. அந்தக் கோட்டையைக் கட்டியவர் யார், அவர்களுக்குச் சோறு கிடைத்ததா என்று கேட்கிறார். கடைசிப் பகுதியில் அவர் எழுதியது பழங்கதையே அன்று. 1933இல் இட்லர் ஆட்சியைக் கைப்பற்றியதையும் யூதர்கள் துன்புறுத்தப்பட்டதையும் அவை நடந்துகொண்டிருந்தபோதே மகளுக்கு விளக்கினார்.

உலகில் வேறு சிலரும் இத்துறையில் உழைத்தனர். ஹென்றிக் வான் லூன் என்பவர் எழுதிய மனித குலத்தின் கதை அமெரிக்காவில் 1922இல் குழந்தை இலக்கியத்துக்கான முதல் நியூபெரி பரிசைப் பெற்றது. வியன்னாவில் எர்ன்ஸ்ட் கோம்பிரிச் என்ற இளைஞர் எழுதிய சிறுவர் உலக வரலாறு, போரை வெறுக்கிறது என்ற காரணத்தால் நாசிகளால் தடை செய்யப்பட்டது. குழந்தைக்கு எழுதும் வரலாறு விளையாட்டுப் பொருள் அன்று. கொடுங்கோலரும் அஞ்சும் பொருள் அது என்பதை இதிலிருந்து அறியலாம்.

குறையும் நிறையும்

நேருவின் நூலில் குறைகள் உண்டு. தாம் வரலாற்று அறிஞர் அல்லர் என்பதை அவரே மறைக்கவில்லை. பல செய்திகள் அக்காலத்து ஆராய்ச்சி நிலையைப் பொறுத்தவை. சிந்துவெளி நாகரிகம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1924இல்தான். 2014ஆம் ஆண்டுக்குப் பின் கீழடியில் தோண்டி எடுக்கப்பட்டவற்றை அவர் கனவிலும் அறிந்திருக்க முடியாது. ஆகவே இன்று அந்நூலைப் படிப்பவர் கையில் புதிய ஆய்வுகளும் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விடுதலையின் பெருமையை ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டு வளர்ந்த மகள், பிற்காலத்தில் பிரதமராக இருந்தபோது 1975இல் நெருக்கடி நிலையை அறிவித்தார், பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின, தலைவர்கள் சிறைப்பட்டனர். அதே மகள்தான் 1977இல் தேர்தலை நடத்தி, மக்கள் தீர்ப்பை ஏற்றுப் பதவி விலகினார். நல்ல நூல் ஒருவருக்கு வழி காட்டும். அவருக்காக நடந்து காட்டாது. இது நேருவின் நூலுக்கு இழுக்கன்று. நூலைப் படிப்பவர் மேல் விழும் பொறுப்பு அது.

தந்தை என்ற முறையில் நேரு இழந்ததும் மிகுதி. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். மகள் வளர்ந்த பருவத்தின் பெரும்பகுதியைக் கம்பிகளுக்குப் பின்னாலிருந்தே பார்த்தார். 1936இல் கமலா சுவிட்சர்லாந்தில் காலமானார். 1942 முதல் 1945 வரை நீடித்த கடைசிச் சிறைவாசத்தில், அகமதுநகர்க் கோட்டையில் இந்தியாவைக் கண்டறிந்த கதையை எழுதினார். 1947இல் பிரதமரானார், 1964 மே 27 அன்று மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார். மகளுக்கு அருகிலிருந்து தர முடியாததைக் கடிதத்தில் தந்தார். அந்தக் குறையிலிருந்து பிறந்த நூல் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொத்தாயிற்று.

நம் கடமை

மாணவ நண்பர்களே, நேரு எடுத்துக் காட்டிய கூழாங்கல் இமயமலை அடிவாரத்தில் மட்டும் கிடப்பதன்று. நம் குருவிகுளம் வட்டாரத்துக் கரிசல் மண்ணும் காலம் பொடித்த பாறைதான். அருகிலுள்ள கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் ஒரே பாறையில் குடையப்பட்டு, முடிவு பெறாமலே நிற்கிறது. அதே மலையில் சமணத் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் நினைவு வாழ்கிறது. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் இவ்வழியே போய் வரும் நாம், உடன் வரும் தம்பி தங்கையரிடம் இவற்றைப் பற்றி என்றாவது கதை சொல்லியிருக்கிறோமா? அந்தக் கோயிலை ஏன் பாதியில் விட்டார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், அதட்டாமல் உட்கார்ந்து பேசியிருக்கிறோமா?

நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறவர்கள். அனைவரும் அண்ணன்மாராகவும் அக்காமாராகவும் இன்றே இருப்பவர்கள். பெரிய நூலகம் இல்லை, வசதி இல்லை என்று சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை. சிறையறையில் சில குறிப்பேடுகளோடு ஒருவர் உலகம் முழுவதையும் எழுதி முடித்திருக்கிறார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டே. ஒன்று, அறிந்ததை மறைக்காமலும் அறியாததை இட்டுக்கட்டாமலும் சொல்லும் நேர்மை. மற்றொன்று, கேட்கும் குழந்தையைச் சிறிதென்று எண்ணாத மதிப்பு. இவ்விரண்டும் கைவந்தால், நம் ஊரின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேறொருவர் வர வேண்டியதில்லை.