ரெம்பிராண்ட்: தன் முகத்தை மறைக்காத ஓவியர்

ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். என் தந்தை நெல் அரவை ஆலையில் வேலை பார்ப்பவர். புகைப்படத்திற்கு உட்காரவைத்தால் போதும், நெஞ்சை நிமிர்த்தி, மீசையை ஒதுக்கி, முகத்தை இறுக்கிக்கொள்வார். அதுதான் ஆண்மை என்று நானும் நம்பியிருந்தேன், நம் கல்லூரி நூலகத்தில் ரெம்பிராண்டின் ஓவியத் தொகுப்பைப் புரட்டும் வரையில்.

அவரும் ஆலைக்காரர் மகன்தான். 1606-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டு லைடன் நகரில் பிறந்தார். தாய் ரொட்டிக் கடைக்காரரின் மகள். 1620-இல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவாயிற்று. மனமோ தூரிகையை நாடியது. (படிப்பை விட்டவரைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவதைப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க!)

ஆம்ஸ்டர்டாம் நகரில் புகழும் பொருளும் குவிந்தன. 1634-இல் சாஸ்கியாவை மணந்தார். 1639-இல் 13,000 கில்டருக்கு மாளிகை வாங்கினார். மறு ஆண்டு தம்மைத் தாமே வரைந்தார்: விலையுயர்ந்த ஆடை, திண்டின்மேல் ஊன்றிய கை, எதற்கும் அஞ்சாத பார்வை. அப்படியே என் தந்தையின் புகைப்படந்தான்!

பிறகு அடிமேல் அடி. மூன்று குழந்தைகள் பச்சிளம் பருவத்திலேயே இறந்தன. நான்காவது மகன் டைட்டஸுக்கு ஒரு வயது நிறையுமுன், 1642-இல் சாஸ்கியாவும் மறைந்தார். அந்த ஆண்டில்தான் புகழ்பெற்ற 'இரவுக் காவல்' ஓவியமும் முடிந்தது. வீட்டுக் கடன் தீரவேயில்லை. 1656-இல் நொடித்துப்போக, வீடும் சேர்த்துவைத்த கலைப்பொருள்களும் ஏலத்திற்குப் போயின.

ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. டைட்டஸை வளர்த்த கீர்ட்யே என்ற பெண், மணப்பதாகச் சொல்லி ஏமாற்றினார் என்று வழக்குத் தொடுத்தார். 1650-இல் அவர் சீர்திருத்தச் சிறையில் அடைக்கப்பட்டதில் ரெம்பிராண்டின் கை இருந்தது. பிறர் துயரை அத்தனை நுட்பமாக வரைந்த கை அது!

ஏறத்தாழ நாற்பது முறை தம் முகத்தை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். முதுமைப் படங்களில் தொங்கும் கன்னமும் களைத்த கண்ணும் அப்படியே இருக்கின்றன. மகன் டைட்டஸையும் வீரனாக்கவில்லை; 1660-இல் துறவி உடையில், தலை கவிழ்ந்த இளைஞனாக வரைந்தார். இறுதிக் காலத்து 'ஊதாரி மைந்தன்' ஓவியத்தில் தந்தை மகனைக் கண்டிக்கவில்லை. குனிந்து அவன் முதுகில் இரு கைகளையும் வைத்திருக்கிறார், அவ்வளவே.

1668-இல் டைட்டஸ் இறந்தார். மறு ஆண்டு அக்டோபர் 4-இல் ரெம்பிராண்டும் காலமானார்.

அந்த 1669-ஆம் ஆண்டிலும் தம்மை வரைந்தார்; அந்தப் படம் லண்டனில் இருக்கிறது. இயற்பியல் மாணவனான எனக்கு இதில் ஒரு தனி ஆர்வம். ஓவியத்தில் எக்ஸ் கதிரைச் செலுத்தினால், ஈய வெள்ளை பூசிய இடங்கள் அக்கதிரைத் தடுத்து, அடியில் மறைந்த உருவைக் காட்டிக்கொடுக்கும். முதலில் கையில் தூரிகையோடுதான் வரைந்திருக்கிறார். பின்பு அதை அழித்துவிட்டு, வெறும் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டார்.

பொங்கல் விடுமுறையில் அந்தப் படத்தைத் தந்தையிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். இவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று மட்டும் கேட்டார். ஒரு மகள் மிஞ்சினாள் என்றேன்.