திரவப் பளிங்கும் பேராசிரியர் சந்திரசேகரும்

மார்கழி தை மாதத்துக் குளிரில் காலையில் எழுந்து தலைக்கு எண்ணெய் வைக்கப் போகிறீர்கள். தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளையாய் உறைந்து கிடக்கிறது. எங்கள் றொசல்லப் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். போத்தலை அடுப்போரத்தில் வைத்தால் சற்று நேரத்தில் உருகித் தெளிந்து விடும். உறைந்தது ஒரு நிலை, உருகியது மற்றொரு நிலை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நிலை இருக்கக் கூடும் என்று நாம் நினைப்பதில்லை.

நெடுங்காலம் விஞ்ஞானிகளும் நினைக்கவில்லை. 1888ஆம் ஆண்டில் பிராக் நகரத்தில் பிரெட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கொலஸ்திரோல் சேர்ந்த ஒரு பொருளைச் சூடாக்கிப் பார்த்தார். அது 145.5 பாகையில் உருகியது, ஆனால் தெளியவில்லை. மூடுபனி இறங்கிய பள்ளத்தாக்கைப் போல மங்கலாகவே இருந்தது. 178.5 பாகை வந்த பின்னரே பளிச்சென்று தெளிந்தது. இடையில் இருந்த அந்த மங்கலான பொருள் தண்ணீரைப் போல ஓடுகிறது. ஆனால் பளிங்குக்கு உரிய ஒழுங்கும் அதனிடம் இருக்கிறது! ஒட்டோ லேமன் என்ற ஜெர்மானியர் இதனை மேலும் ஆராய்ந்தார். திரவப் பளிங்கு என்ற பெயர் இதற்கு நிலைத்தது.

இன்று உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் தட்டைத் திரையிலும், பிள்ளைகளின் கல்குலேட்டரிலும், பூசைக்கு நேரமாகிறதா என்று பார்க்கும் கைக்கடிகாரத்திலும் இருப்பது இப்பொருள்தான். இது யாரோ வெள்ளைக்காரர், ஜப்பானியர் கண்டுபிடித்த வித்தை என்று நாம் எண்ணுவது வழக்கம். அதில் பெரும் பகுதி உண்மையே. ஆனால் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒருவர், பெங்களூரில் இருந்தபடியே, இத்துறையில் முற்றிலும் புதியதொரு வகையை உலகுக்குக் காட்டினார். அவரே பேராசிரியர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர்.

பெயரைக் கேட்டதும், நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர்தானே என்பீர்கள். அல்ல. இருவரும் நெருங்கிய உறவினர். ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமனை நீங்கள் அறிவீர்கள். நட்சத்திர ஆராய்ச்சியாளர் இராமனின் அண்ணன் மகன். நம்மவர் இராமனின் தங்கை சீதாலட்சுமியின் மகன். ஆகவே இராமன் இவருக்குத் தாய்மாமன். 1983ஆம் ஆண்டில் முன்னவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் பின்னவர் இலண்டன் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். ஒரே பெயர் என்பதால் நம்மவரின் புகழில் பாதி மற்றவரின் கணக்கில் சேர்ந்து விடுகிறது.

இவர் பிறந்தது 1930 ஆகஸ்ட் 6ஆம் திகதி, கல்கத்தாவில். மாமனுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். நாகபுரிப் பல்கலைக்கழகத்தில் 1951இல் முதுமாணிப் பட்டத்தை முதலிடத்தில் பெற்றுக்கொண்டு, பெங்களூரில் இராமன் நிறுவியிருந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு மாணவராக வந்து சேர்ந்தார். மாமனே குரு. படிகக்கல் போன்ற பளிங்குகளின் ஊடே செல்லும்போது ஒளி அதிரும் திசை எவ்வாறு திரும்புகிறது என்பதே அவருக்குக் கிடைத்த ஆய்வுப்பொருள். பளிங்குகளைப் பற்றிய விஞ்ஞானத்தில் நம் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே சொல்லி வைக்கலாம். படிகக்கல் எவ்வளவு பெரியதானாலும் சிறியதானாலும் அதன் முகங்களுக்கு இடையிலான கோணம் மாறுவதில்லை என்று 1669இல் எழுதியவர் நிக்கோலஸ் ஸ்டெனோ. பின்னர் குருவாகி ஆயருமான அவரை, திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1988இல் அருளாளராக உயர்த்தினார்.

சந்திரசேகர் பின்னர் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் இரண்டாவது கலாநிதிப் பட்டம் பெற்றார். இலண்டனிலும் சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார். அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் 1961இல் நாடு திரும்பி, மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறைக்கு முதல் தலைவரானார். தம்பி பஞ்சரத்தினமும் அக்காலத்தில் அங்கே கற்பித்தார். அந்தத் தம்பியின் கதை தனிக்கதை. இருபத்திரண்டு வயதில், 1956இல், அவர் எழுதிய ஒளி பற்றிய கட்டுரையின் பெருமையை உலகம் 1980களில்தான் உணர்ந்தது. அதைக் காண அவர் இல்லை; ஒக்ஸ்போர்டில் 1969இல், முப்பத்தைந்து வயதிலேயே இறந்து போனார்.

மைசூரில்தான் அண்ணனின் கவனம் திரவப் பளிங்கின் பக்கம் திரும்பியது. அக்காலத்தில் அதை நாடுவோர் மிகச் சிலர். அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் பதில் சொல்வது கடினம். ஆனால் அவருடைய பழைய படிப்பைப் பார்க்கும்போது இத்திருப்பம் இயல்பாகவே தோன்றுகிறது. படிகக்கல் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் ஒளியைச் சில பத்துப் பாகைகள் மட்டுமே திருப்பும். ரைனிட்சர் கண்ட வகையைச் சேர்ந்த திரவப் பளிங்கோ அதே தடிப்பில் ஆயிரக்கணக்கான பாகைகள் திருப்பக்கூடியது. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்குச் சந்திரசேகரும் அவருடைய உடனாய்வாளரும் 1968இல் விளக்கம் தந்தனர். எக்ஸ் கதிர் பளிங்கின் அடுக்குகளில் பட்டுத் திரும்புவதை விளக்கும் கணிதத்தை எடுத்து, ஒளிக்குப் பொருத்திக் காட்டினார்கள். பெங்களூரில் கற்றதும் கேம்பிரிட்ஜில் கற்றதும் ஒன்றாய்ச் சேர்ந்தன.

அதே 1968இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் திரவப் பளிங்கினால் ஆன திரையைக் காட்டினார்கள். 1970இன் இறுதியில் சுவிட்சர்லாந்தில் ஷாட், ஹெல்பிரிச் என்ற இருவர் இன்னும் சிறந்த முறையைக் கண்டனர். அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தலைமயிரின் தடிப்பில் சிறு பங்கே இடைவெளி உள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே திரவப் பளிங்கு. அதன் மூலக்கூறுகள் கீழிருந்து மேலே சுழற்படியைப் போல் கால்வட்டம் திரும்பி நிற்கின்றன. தகடுகளின் வெளிப்புறத்தில், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டுள்ளன. ஒளி அந்தப் படியோடு தானும் திரும்பி மறுபுறத்தால் வெளியே வருகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கும். படி கலைந்து விடும். ஒளி தடைப்பட்டு அவ்விடம் கறுத்துத் தெரியும். கல்குலேட்டரில் தோன்றும் கறுப்பு எண்கள் இவ்வாறு பிறப்பவையே.

இராமன் 1970 நவம்பரில் காலமானார். மறு ஆண்டு சந்திரசேகர் பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்துக்குத் திரும்பி, திரவப் பளிங்கு ஆய்வுக்கூடத்தை அமைத்தார். 1973 டிசம்பரில் இத்துறையின் சர்வதேச மாநாடு பெங்களூரிலேயே நடந்தது.

இனி அந்த முக்கிய விடயத்துக்கு வருவோம். திரவப் பளிங்கு ஆகக்கூடிய மூலக்கூறுகள் எல்லாம் நீண்டு மெலிந்தவை என்பதே அதுவரை எல்லோரும் கொண்டிருந்த கருத்து. கொழுந்துச் செடியின் மேல் மட்டம் பார்க்க வைக்கும் கம்பைப் போன்ற உருவம். கம்புகளை அள்ளிப் போட்டால் அவை ஒன்றை ஒன்று ஒட்டி ஒரே திசையில் கிடக்க விரும்பும், ஒழுங்கு வந்துவிடும். இது சரியே. ஆனால் கம்புக்கு மட்டுமா அந்தக் குணம்? ரொட்டிகளையோ காசுகளையோ எடுத்துக்கொள்ளுங்கள். அவையும் தட்டையாய் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி நிற்கத்தானே பார்க்கின்றன?

இந்த எண்ணத்தைச் சந்திரசேகர் சோதித்தார். இரசாயன ஆய்வாளர் சதாசிவாவும் கே. ஏ. சுரேஷும் அவருடன் உழைத்தனர். பென்சீன் வளையத்தை நடுவில் வைத்து, ஆறு மூலைகளிலும் ஆறு நீண்ட சங்கிலிகளைப் பூட்டி, தட்டு வடிவ மூலக்கூறுகளை ஆக்கினார்கள். சூடாக்கியபோது அவை உருகின; உடனே தெளிந்து விடவில்லை; நடுநிலை ஒன்று தோன்றியது. எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது, தட்டுகள் தூண் தூணாக அடுக்கியிருப்பதும், அத்தூண்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல் அறுகோண ஒழுங்கில் நிற்பதும் தெரிய வந்தன. 1977இல் இதனை வெளியிட அவர்கள் வெளிநாட்டுப் பத்திரிகையைத் தேடிப் போகவில்லை. பெங்களூரிலிருந்து வெளிவரும் பிரமாணா என்ற விஞ்ஞான ஏட்டிலேயே வெளியிட்டார்கள். சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரையை உலகம் தேடி வந்து படித்தது. இத்துறையில் அவர் எழுதிய நூலைக் கேம்பிரிட்ஜ் பதிப்பகம் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அது ரஷ்ய, ஜப்பானிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

சரி, தட்டு மூலக்கூறுகளால் என்ன பயன்? 1977இல் இதற்குப் பதில் இல்லை. பழைய திரைகளில் ஒரு குறை இருந்தது. நேராகப் பார்த்தால் படம் தெளிவு. பக்கத்திலிருந்து பார்த்தால் மங்கும், நிறம் மாறும், சில வேளை கறுப்பு வெள்ளையாகி விடும். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பார்க்க அது உதவாது. 1990களின் நடுப்பகுதியில் ஜப்பானின் பூஜி பிலிம் நிறுவனம் ஒரு மெல்லிய தாளைச் செய்தது. தட்டு மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாகச் சாய்த்து அதன் மேல் நிலைநிறுத்தி, திரையில் ஒட்டினார்கள். கம்பு மூலக்கூறுகள் பக்கவாட்டில் செய்யும் கோளாறைத் தட்டு மூலக்கூறுகள் ஈடு செய்தன. கணினித் திரைகளில் அந்தத் தாள் பெருவாரியாகப் பயன்பட்டது. பின்னர் வேறு முறைகளும் வந்துவிட்டன. ஆயினும், பெங்களூரில் எழுந்த ஒரு கேள்வி இருபது ஆண்டுகளுக்குள் உலகின் மேசைகளுக்கு வந்து சேர்ந்தது என்பது பொய்யல்ல.

1990இல் சந்திரசேகர் ஓய்வு பெற்றார். அவ்வயதில் பெரும்பாலோர் சாய்மனைக் கதிரையைத் தேடுவார்கள். இவரோ சர்வதேசத் திரவப் பளிங்குச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1991இல் பெங்களூர் ஜாலஹள்ளியில், பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் கொடுத்த கட்டடத்தில், திரவப் பளிங்குக்கென்றே தனி ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். ரோயல் சங்கத்தின் ரோயல் பதக்கம் 1994இல் அவருக்குக் கிடைத்தது. 1998இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது.

2004 மார்ச் 8ஆம் திகதி அன்னார் காலமானார். ஜாலஹள்ளியில் அவர் தொடங்கிய நிலையம், இந்திய மத்திய அரசின் ஆதரவில் வளர்ந்து, பெயர் மாறி, நனோத் துறையையும் சேர்த்துக்கொண்டு பெங்களூரில் இன்றும் நடைபெறுகிறது. திரவப் பளிங்கு ஆராய்ச்சியும் அங்கே தொடர்கிறது.