முத்திரை விழாத பக்கம்

கடந்த ஆண்டு ஒரு நள்ளிரவில் ஆரணியில் உள்ள எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவன் என் தமக்கையின் மகன். தென்கிழக்கு ஆசிய நாடொன்றில் பணிபுரிபவன். விடுமுறையில் பேருந்து ஏறி அண்டை நாட்டுக்குச் சென்றவன், திரும்பும் வழியில் எல்லைச் சாவடியில் நிறுத்தப்பட்டிருந்தான். அவனது கடவுச்சீட்டில் அந்நாட்டுக்குள் நுழைந்ததற்கான முத்திரை இல்லை. விமானத்தில் சென்றிருந்தால் பயணியர் பட்டியலாவது அவனுக்காகப் பேசியிருக்கும். நெரிசலான வரிசையில் நின்று, சாளரத்தின் வழியே நீட்டித் திரும்பப் பெற்ற கடவுச்சீட்டுக்கு அந்தச் சிறிய மைத்தடம்தான் சாட்சி. அது விழாததால், அவன் அங்கே கழித்த நான்கு நாள்களும் சட்டத்தின் பார்வையில் கள்ளத்தனமாகக் கழித்த நாள்களாகிவிட்டன.

அவனிடம் பேருந்துச் சீட்டு இருந்தது. விடுதியின் ரசீது இருந்தது. கைப்பேசியில் நாளும் நேரமும் பதிந்த படங்கள் இருந்தன. அவை எவையும் முத்திரைக்கு ஈடாகவில்லை. இரண்டு நாள்கள் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்து, அபராதம் செலுத்திய பிறகே வெளியே வந்தான். அன்றிரவு நான் அவனுக்கு ஆறுதல் கூறவில்லை. சாளரத்தை விட்டு நகரும் முன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டேன். அது நியாயம்தானா என்ற கேள்வி அதன் பிறகு என்னை விடவில்லை.

நான் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். என் தந்தை ஆரணிப் பட்டு நெய்தவர். பாவு வாங்கியது, சேலை நெய்து கொடுத்தது, கூலி பெற்றது எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்த ஆதாரம் ஒரு பாஸ்புக் மட்டுமே. ஒருமுறை எழுத்தர் ஒரு சேலையைப் பதிய மறந்துவிட்டார். பதினைந்து நாள் உழைப்பு புத்தகத்தில் ஏறவில்லை. அந்தக் கூலிக்காகத் தந்தை மூன்று மாதங்கள் நடந்தார். வீட்டில் தாயும் அவரைத்தான் கடிந்துகொண்டார். பதிய மறந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. என் தமக்கை மகனிடம் நானும் அதையேதான் செய்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

அந்த நாள்களில் என் நினைவுக்கு வந்தவர் தில்லையாடி வள்ளியம்மை. சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையில் உள்ள கோ-ஆப்டெக்ஸ் தலைமையகத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர். கைத்தறிக் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. பள்ளிப் பாடத்திலும் அவரைப் படித்திருக்கிறோம். ஆனால், அவர் உயிரைப் பறித்த போராட்டம் எல்லைச் சாவடியையும் குடியேற்றச் சட்டத்தையும் பற்றியது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

வள்ளியம்மை 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை முனுசாமி முதலியார், அங்கே சிறு வணிகர், தாய் மங்களம். தரங்கம்பாடிக்கு அருகில், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தில்லையாடி அவர்களது பூர்விகம். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் அதுவானாலும், அவர் பிறந்ததும் இறந்ததும் ஜோகன்னஸ்பர்க்கில்தான். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவர் அந்த மண்ணுக்குக் குடியேறியவர் அல்லர், அங்கேயே பிறந்தவர்.

அவரது குழந்தைப் பருவம் முழுவதும் ஜோகன்னஸ்பர்க் இந்தியர்களின் வாழ்க்கை தாள்களைச் சுற்றியே சுழன்றது. டிரான்ஸ்வால் அரசு 1907-இல் கொண்டுவந்த ஆசியர் பதிவுச் சட்டம், இந்திய ஆண்கள் விரல் ரேகை பதித்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்றது. காவலர் கேட்கும்போதெல்லாம் அதைக் காட்ட வேண்டும். குற்றவாளியைப் போல் ரேகை பதிப்பதை எதிர்த்து மோகன்தாஸ் காந்தியின் தலைமையில் சத்தியாகிரகம் எழுந்தது. 1908-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா மசூதித் திடலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன. அப்போது வள்ளியம்மைக்கு வயது பத்து.

அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் தமிழர்கள் நின்றனர். பதினெட்டு வயது நாகப்பன், குளிர்காலச் சிறைவாசத்தில் நோயுற்று, 1909-ஆம் ஆண்டு ஜூலையில் இறந்தார். நாராயணசாமி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். திரும்பி வந்தபோது எந்தத் துறைமுகத்திலும் இறங்க அனுமதிக்கப்படாமல் கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்டு, 1910-ஆம் ஆண்டு அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர்நீத்தார். இந்தச் செய்திகளின் நடுவேதான் வள்ளியம்மை வளர்ந்தார்.

பதிவுச் சட்டம் பெண்களைச் சேர்க்கவில்லை. சலுகையைப் போலத் தோன்றினாலும், அதன் மறுபக்கம் வேறு. பெண்ணுக்கென்று தனித் தாள் இல்லை. தந்தைக்கோ கணவருக்கோ இருக்கும் உரிமையின் நிழலில்தான் அவர் அந்த நாட்டில் இருந்தார். அந்த நிழல் எவ்வளவு மெலிந்தது என்பது 1913-ஆம் ஆண்டு மார்ச்சில் தெரிந்தது. இந்தியாவிலிருந்து கேப் டவுன் வந்த ஒரு முஸ்லிம் பெண்ணைக் கரையிறங்க அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. வழக்கை விசாரித்த நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடவாத, சட்டப்படி பதிவாகாத திருமணத்தைக் குடியேற்றச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பளித்தார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மனைவியர் மனைவியர் அல்லாதவர் ஆயினர். நுழைவுச் சாளரத்தில் தொடங்கிய ஐயம் அவர்களது வீட்டுக்குள் வந்து நின்றது.

அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் நாளில் புதிய குடியேற்ற ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கேப், நேட்டால், டிரான்ஸ்வால், ஆரஞ்சு சுதந்திர மாகாணம் ஆகிய நான்கும் 1910-லேயே ஒரே நாடாக இணைந்துவிட்டிருந்தன. எனினும், ஓர் இந்தியர் ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல அனுமதி வேண்டும். நேட்டாலின் சார்லஸ்டவுனும் டிரான்ஸ்வாலின் வோக்ஸ்ரஸ்ட்டும் அடுத்தடுத்த ஊர்கள். ஆனால், இடையில் இருந்த கோடு இந்தியருக்கு மட்டும் நாட்டெல்லையாக இருந்தது. ஒரே நாட்டுக்குள் பயணம் செய்பவர் தடை செய்யப்பட்ட குடியேறியாக ஆக்கப்படலாம்.

நேட்டாலில் இன்னொரு கொடுமையும் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்து தாயகம் திரும்பாத கூலித் தொழிலாளர்கள் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும். பதின்மூன்று வயது கடந்த பெண் பிள்ளைகளுக்கும் அது உண்டு. வரி செலுத்த வேண்டியவர் நால்வர் உள்ள குடும்பத்துக்கு 12 பவுன். வணிகர் மகளான வள்ளியம்மையின் குடும்பத்தை அந்த வரி தொடவில்லை. அடுத்த மாகாணத்துக் கரும்புத் தோட்டத்திலும் சுரங்கத்திலும் உழைத்தவர்களின் சுமை அது. அவர் எல்லையைக் கடந்தது அவர்களுக்காக.

1913-ஆம் ஆண்டு செப்டம்பரில் கஸ்தூர்பா உள்ளிட்ட பதினாறு பேர் நேட்டாலிலிருந்து அனுமதியின்றி டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்து சிறை சென்றனர். டிரான்ஸ்வாலைச் சேர்ந்த பதினொரு பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், சிலர் கைக்குழந்தைகளோடு, ஆரஞ்சு சுதந்திர மாகாணத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தார்கள். அவர்களை யாரும் கைது செய்யவில்லை. உரிமமின்றித் தெருவில் பொருள் விற்றார்கள். அதற்கும் கைது இல்லை. பிறகு அவர்கள் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் தலைவரியின் அநீதியை எடுத்துரைத்தார்கள். வேலைநிறுத்தம் தீயாய்ப் பரவிய பிறகே அரசுக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது. ஒரே எல்லை, ஒரே விதி. ஒரு நாள் கண்டுகொள்ளாமல் விடவும் மறுநாள் சிறையில் அடைக்கவும் அதே விதி இடம் கொடுத்தது.

அக்டோபர் இறுதியில் புறப்பட்ட அடுத்த பெண்கள் குழுவில் வள்ளியம்மையும் அவர் தாயும் இருந்தனர். பதினைந்து வயதுப் பெண் ஊர் ஊராகச் சென்று, தொழிலாளர்களைச் சந்தித்தார். நவம்பர் 6-ஆம் தேதி காந்தியுடன் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் சார்லஸ்டவுனிலிருந்து நடந்தே எல்லையைக் கடந்தனர். தனித்தனியே பிடித்து விசாரிக்கப் பழகிய ஒரு சாவடி, அன்று தன்னால் எண்ணித் தீராத மனிதர்களைக் கண்டது.

டிசம்பரில் தாய்க்கும் மகளுக்கும் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் உணவு மோசமானது. சத்தியாகிரகப் பெண்களுக்குச் சலவை வேலை தரப்பட்டது. தண்டனை பெற்ற சில நாள்களிலேயே வள்ளியம்மை காய்ச்சலில் விழுந்தார். முன்கூட்டியே விடுவிக்க முன்வந்த சிறை நிர்வாகத்திடம் அவர் மறுத்துவிட்டார். பின்னர் விடுதலையாகி வீடு திரும்பியபோது உடல் எலும்பும் தோலுமாகியிருந்தது. சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்ற பொருளில் காந்தி கேட்டபோது, மீண்டும் செல்லவும் ஆயத்தம் என்றே அவர் தெரிவித்ததாகக் காந்தி பதிவு செய்திருக்கிறார். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி, தமது பதினாறாவது பிறந்த நாளிலேயே, வள்ளியம்மை இறந்தார்.

நான்கு மாதங்களுக்குப் பிறகு, அந்த ஆண்டு ஜூனில், இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுன் வரி ஒழிந்தது. இந்திய முறைத் திருமணங்களுக்கு ஏற்பு கிடைத்தது. அதிகம் பேசப்படாத மூன்றாவது பயன் ஒன்றும் உண்டு. கட்டைவிரல் ரேகை பதிந்த வசிப்புச் சான்றிதழ் ஒருவரிடம் இருந்து, அது அவருடையதே என்பது உறுதியானால், நாட்டுக்குள் நுழையும் உரிமைக்கு அதுவே போதிய ஆதாரம். அதிகாரி மீண்டும் மீண்டும் ஐயுற்றுத் துருவ இடமில்லை. எல்லையில் நிற்பவரை நம்ப வேண்டிய கடமை அரசுக்கும் உண்டு என்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது. அது முழு வெற்றி அல்ல; மாகாணங்களுக்கிடையே இந்தியரைத் தடுத்த சுவர் பல பத்தாண்டுகள் நீடித்தது. ஆனாலும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் வள்ளியம்மை போன்றோரின் உயிர் இருக்கிறது.

ஜூலை 15-ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவை விட்டு நிரந்தரமாகப் புறப்படுவதற்கு மூன்று நாள்களுக்கு முன், ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபாண்டைன் இடுகாட்டில் நாகப்பன், வள்ளியம்மை இருவரின் நினைவுக் கற்களையும் காந்தி திறந்துவைத்தார். மறு ஆண்டு தமிழகம் வந்தபோது தில்லையாடிக்கும் சென்றார். அங்கே இன்று நினைவு மண்டபம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வள்ளியம்மைக்குச் சிறப்பு அஞ்சல்தலை வெளியிட்டது.

வள்ளியம்மையையும் என் தமக்கை மகனையும் ஒரே தட்டில் வைக்க நான் முயலவில்லை. அவர் அறிந்தே தாளின்றி எல்லையைக் கடந்தார். இவன் தாளை நீட்டியும் முத்திரை பெறாதவன். அவர் செய்தது போராட்டம். இவனுக்கு நேர்ந்தது விபத்து. ஆயினும், இருவரும் நின்ற சாளரம் ஒன்றுதான். அங்கே முத்திரை ஒருவரின் கையில் இருக்கிறது. அது விழாததற்கான விலையை மற்றவர் கொடுக்கிறார்.

இதைப் பிற நாடுகளின் குறையாக மட்டும் பார்ப்பதும் சரியாகாது. நம் நாட்டில் 1946-இல் இயற்றப்பட்ட வெளிநாட்டினர் சட்டத்தின் 9-ஆவது பிரிவும், தான் வெளிநாட்டவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை ஐயத்துக்கு உள்ளானவர் தலையிலேயே வைத்தது. எல்லையைக் காப்பது அரசின் கடமை என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால், ஒரு முத்திரை இல்லாதபோது முதலில் சோதிக்க வேண்டியது சாவடியின் சொந்தப் பதிவேட்டையும் கணினியையும் கண்காணிப்புப் படக்கருவியையும்தான். அவற்றில் பயணி வந்த தடம் இருந்தால், அவரிடம் அபராதம் கேட்க என்ன நியாயம்?

பயணம் செய்வோர் சாளரத்தை விட்டு விலகும் முன் முத்திரையையும் தேதியையும் பார்த்துக்கொள்வது நல்லது. பேருந்துச் சீட்டையும் விடுதி ரசீதையும் ஊர் திரும்பும்வரை பத்திரப்படுத்துவதும் நல்லது. இவை எச்சரிக்கைகள். எச்சரிக்கை தவறியவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார்.

சென்ற தைப் பொங்கலுக்கு அவன் ஆரணிக்கு வந்திருந்தான். கடவுச்சீட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினான். நுழைவு முத்திரை இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது. அன்றிரவு கடிந்துகொண்டதற்காக அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். என் தந்தையிடம் அப்படி யாரும் தெரிவித்ததில்லை.