கொடுமுடியிலிருந்து வந்த குரல்

பிள்ளைகளே, தாகேதாவில் உங்க வீட்டுப் பாட்டிகிட்டயோ தாத்தாகிட்டயோ ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. ஔவையார் பார்க்க எப்படி இருப்பார்?

பல பெரியவங்க ஒரே பதிலைத்தான் சொல்லுவாங்க. வெள்ளைப் புடவை, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு கம்பு, கணீரென்ற குரல். ஆத்திசூடி எழுதிய ஔவையார் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்தவர். அவரை நம் பாட்டி எப்படிப் பார்த்திருக்க முடியும்? பாட்டியின் மனசில் இருப்பது ஒரு நடிகையின் முகம். அந்த நடிகையின் பெயர் கே.பி. சுந்தராம்பாள்.

ரயிலில் ஒரு பாட்டு

தமிழ்நாட்டில் காவிரி ஆற்றங்கரையில் கொடுமுடி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1908ஆம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். அம்மாவின் பெயர் பாலாம்பாள். கே.பி. என்ற எழுத்துகளுக்கு என்ன பொருள் தெரியுமா? கொடுமுடி, பாலாம்பாள். சொந்த ஊரும் அம்மாவும்தான் அவருடைய முதலெழுத்துகள்.

சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். வீட்டில் வறுமை. பல நாள் சாப்பாட்டுக்கே கஷ்டம். சிறுமி சுந்தராம்பாளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய குரல். ரயில் பெட்டிகளில் பாடினாள். கேட்டவர்கள் காசு கொடுத்தார்கள். யாங்கோன் வட்ட ரயிலில் கூடை சுமந்து கூவி விற்பவர்களைப் பார்த்திருக்கீங்களா? ரயில் சத்தத்தையும் தாண்டி அவங்க குரல் கேட்கணும், இல்லையா? சுந்தராம்பாளின் முதல் பயிற்சி அப்படிப்பட்ட இடத்தில்தான் நடந்தது.

அந்தக் குரலை ரயிலில் கேட்ட ஒருவர் அவளை நாடகக்காரர்களிடம் அழைத்துப் போனார் என்று சொல்வார்கள். வேலு நாயர் நாடகக் குழுவில் அவளுக்கு இடம் கிடைத்தது. முதலில் கிடைத்தவை குழந்தை வேடங்கள். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக நடித்தாள். பசி எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மைக் இல்லாத மேடை

அந்தக் காலத்து நாடகம் இரவு முழுக்க நடக்கும். பர்மாவில் ஸாட் ப்வே விடிய விடிய நடக்கிறதே, அது மாதிரி. ஆனால் அப்போது மைக் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் சத்தம் போடும். சுந்தராம்பாள் உச்ச ஸ்தாயியில் பாடினால் கொட்டகையே அமைதியாகிவிடும்.

நாடகக் குழுக்கள் கப்பல் ஏறி வெளிநாடுகளுக்கும் போயின. சுந்தராம்பாள் இலங்கைக்குப் போய் நடித்தார். அங்கே எஸ்.ஜி. கிட்டப்பா என்ற பெரிய பாடகர் நடிகரைச் சந்தித்தார். இரண்டு பேரும் சேர்ந்து நடித்த வள்ளி திருமணம் நாடகத்தைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. ஒருவர் பாட, மற்றவர் அதற்கு மேலே பாட, போட்டி போல இருக்குமாம். அவர்களுடைய பாட்டுகள் இசைத்தட்டுகளாகவும் வந்தன. 1927இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

வெள்ளைப் புடவை

அந்த மகிழ்ச்சி நீண்ட நாள் நிலைக்கவில்லை. கிட்டப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. 1933 டிசம்பரில் அவர் இறந்தார். அவருக்கு வயசு 27. சுந்தராம்பாளுக்கு 25.

அந்தக் காலத்தில் கணவனை இழந்த பெண் வெள்ளைப் புடவை கட்ட வேண்டும் என்பார்கள். நல்ல காரியங்களுக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். வீட்டு மூலையில் இருக்கச் சொல்வார்கள். சுந்தராம்பாளும் வெள்ளை உடுத்தினார். நகைகளைக் கழற்றினார். மேடையை விட்டு விலகினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

இனிமேல் அவர் பாடவே மாட்டார் என்று ரசிகர்கள் வருந்தினார்கள். திரும்பி வரச் சொல்லிப் பலர் கேட்டார்கள். சினிமாவில் நந்தனாராக நடிக்க வேண்டும் என்று அழைப்பு வந்தது. நந்தனார் ஓர் ஏழை பக்தர். சாதியைக் காரணம் காட்டி அவரைக் கோயிலுக்குள் விடவில்லை. அந்த ஆண் வேடத்தை சுந்தராம்பாளே ஏற்றார். ஜோடி தேவையில்லாத வேடம். அவருடைய முடிவும் காப்பாற்றப்பட்டது, பாட்டும் திரும்பி வந்தது. 1935இல் வந்த அந்தப் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! பல குடும்பங்கள் மாதம் சில பத்து ரூபாயில் வாழ்ந்த காலம் அது. ரயிலில் காசுக்குப் பாடிய சிறுமியை இப்போ நினைச்சுப் பாருங்க.

ஆனாலும் அவர் படம் படமாக ஓடி நடிக்கவில்லை. 1940இல் மணிமேகலை வந்தது. நாட்டு விடுதலைக்காகக் காங்கிரஸ் கூட்டங்களிலும் பாடினார். அவர் பாடுகிறார் என்றால் கூட்டம் தானாகச் சேரும்.

ஔவையார் ஆனார்

மணிமேகலைக்குப் பிறகு 13 ஆண்டுகள் கழித்து, 1953இல், ஜெமினி நிறுவனத்தின் ஔவையார் படம் வெளிவந்தது. எஸ்.எஸ். வாசன் தயாரித்த பெரிய படம். யானைக் கூட்டம் வந்து கோட்டையை இடிக்கும் காட்சி கூட அதில் உண்டு. ஆனால் மக்கள் மனசில் தங்கியது யானைகள் இல்லை. வெள்ளைப் புடவையில் கம்பு ஊன்றி நடந்த அந்தப் பாட்டிதான்.

கொஞ்சம் யோசிங்க. எந்தப் புடவை ஒரு பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைக்கும் என்று ஊர் நினைத்ததோ, அதே நிறப் புடவையில் அவர் எல்லார் முன்னாலும் வந்து நின்றார். பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவர் சென்னை மாநிலச் சட்ட மேலவையிலும் உறுப்பினரானார். இந்தியாவில் சினிமாத் துறையிலிருந்து அப்படிப் போன முதல் கலைஞர் அவர்தான் என்பார்கள். 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தி அடிகளாக நடித்தார். 1965இல் திருவிளையாடல் படத்தில் மறுபடியும் ஔவையாராக வந்தார். மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலைக்குப் போன முருகனைச் சமாதானம் செய்யும் ஔவையார் அவர்தான். 1969இல் வந்த துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயசு 60ஐத் தாண்டியிருந்தது! 1970இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

1980 செப்டம்பரில், 71 வயசில், சுந்தராம்பாள் காலமானார். கிட்டப்பா இறந்த பிறகு ஏறக்குறைய 47 ஆண்டுகள் அவர் வெள்ளையே உடுத்தினார். அத்தனை ஆண்டும் அவர் குரல் மட்டும் மூலைக்குப் போகவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் பெரியவங்ககிட்ட சுந்தராம்பாள் பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்க. கண்ணை மூடிக் கேளுங்க. மைக் இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் நீங்க உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைச்சுக்குங்க. கேட்குதா?

சொல் அறிவோம்
கணீர் – தெளிவான, உரத்த ஒலி
கொட்டகை – நாடகம் நடக்கும் கூரை போட்ட பெரிய இடம்
உச்ச ஸ்தாயி – பாட்டில் மிக உயர்ந்த குரல்
ஜோடி – இணை
மேலவை – சட்டம் பற்றிப் பேசி முடிவு செய்யும் இரண்டு அவைகளில் ஒன்று

பேசிப் பாருங்க
1. கே.பி. என்ற எழுத்துகள் எவற்றைக் குறிக்கின்றன?
2. நந்தனார் வேடம் சுந்தராம்பாளுக்கு ஏன் பொருத்தமாக இருந்தது?
3. உங்க வீட்டுப் பெரியவங்க பார்த்த முதல் தமிழ்ப் படம் எது? கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்க.