சலுகை வேண்டாத பெருமகன்: மௌலானா ஆஸாத்

தலைநகரில் வாழும் தமிழ் மக்களுள் ஜும்மா மசூதியைக் காணாதவர் அரியர். ஊரிலிருந்து வரும் உறவினரைச் செங்கோட்டைக்கு அழைத்துச் செல்லும் நாளில் அதனையும் காட்டிவிட்டுத் திரும்புகிறோம். ஆயினும், அவ்விரண்டிற்கும் இடையே, எளியதொரு வெண்ணிற விதானத்தின் கீழ் அமைந்துள்ள கல்லறையை நின்று நோக்குவோர் சிலரே. அங்கே துயில்பவர் சுதந்திர பாரதத்தின் முதற் கல்வி மந்திரியான மௌலானா அபுல் கலாம் ஆஸாத். மார்க்கப் பேரறிஞராகவே இறுதிவரை வாழ்ந்து, அரசு எந்த மார்க்கத்தையும் சாராதிருத்தல் வேண்டும் என்ற கொள்கைக்குத் துணைநின்றவர் அவர்.

மௌலானா 1888 நவம்பர் 11ஆம் நாள் மெக்காவில் பிறந்தார். இயற்பெயர் முஹியுத்தீன் அஹ்மத். தந்தையார் கைருத்தீன் திரளான சீடர்களை உடைய சமய அறிஞர். மைந்தரின் குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. புதுமுறைக் கல்வியில் தந்தையார்க்கு நம்பிக்கை இல்லாமையால், அரபியும் பாரசீகமும் மார்க்க நூல்களும் வீட்டிலேயே கற்பிக்கப்பட்டன. பதினாறு வயதிற்குள் அப்பாடங்களை முடித்த மைந்தரோ அவற்றோடு அமையவில்லை. ஸர் ஸையத் அஹ்மத் கானின் நூல்கள் புதுக் கல்வியின் இன்றியமையாமையை உணர்த்தவே, ஆங்கிலத்தைத் தம் முயற்சியாலேயே பயின்றார். வழிவழி வந்த நம்பிக்கைகளையெல்லாம் ஐயுற்று ஆராய்ந்த அந்நாட்களிலேதான் ஆஸாத் என்ற புனைபெயரைப் பூண்டார். விடுதலை பெற்றவர் என்பது அதன் பொருள். ஐயம் தெளிந்தபின் அவர் இஸ்லாத்திற்கே மீண்டார். தந்தைவழி வந்த சமயம் தாமே தேடிக்கொண்ட செல்வமாயிற்று.

1912இல் அவர் தொடங்கிய 'அல் ஹிலால்' என்னும் உருது வார இதழ், இரண்டாண்டுகளுக்குள் வாரந்தோறும் 26,000 பிரதிகள் விற்கும் அளவிற்கு வளர்ந்தது. அஞ்சிய ஆங்கில சர்க்கார் அதனை ஒடுக்கிற்று. 1916இல் வங்காளத்தினின்றும் வெளியேற்றப்பட்ட ஆசிரியர், 1919 முடியும்வரை ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டார். விடுதலையானபின் காந்தியடிகளோடு சேர்ந்து ஒத்துழையாமை இயக்கத்திலும் கிலாபத் இயக்கத்திலும் முன்னின்றார். 1923இல், முப்பத்தைந்து வயது நிறையுமுன்னரே, தில்லியில் கூடிய காங்கிரஸ் விசேஷ மகாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

தொடக்க காலத்து ஆஸாத், மார்க்கத்தின் பெயராலேயே முஸ்லிம்களை அரசியலுக்கு அழைத்தார் என்பதை மறைத்தல் ஆகாது. துருக்கியின் கலீபா பதவியைக் காத்தல் சமயக் கடமை என்று வாதிட்டவர் அவர். அப்பதவியை 1924இல் துருக்கியரே ஒழித்துவிட்டனர். எனினும், பிற சமயத்தாரோடு கூடி வாழ்வதற்கும் அவர் மார்க்கத்திலேயே சான்று கண்டிருந்தார். நபிகள் நாயகம் மதீனாவில் முஸ்லிம் அல்லாத குலத்தாரோடு செய்துகொண்ட உடன்படிக்கையை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறினார். 1930களில் வெளிவந்த 'தர்ஜுமானுல் குர்ஆன்' என்னும் உரைநூலில், எல்லாச் சமயங்களுக்கும் உயிர்நிலை ஒன்றே என்றும், சட்டங்களும் சடங்குகளுமே காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப வேறுபடுகின்றன என்றும் நிறுவினார்.

1940 மார்ச்சு மாதத்தில் ராம்கட் காங்கிரஸின் தலைவராக அவர் இக்கருத்தையே அரசியல் மொழியில் வைத்தார். இஸ்லாத்தின் ஆயிரத்து முந்நூறு ஆண்டுச் செல்வத்தில் ஓர் அணுவையும் தாம் இழக்க இசையார். பாரத சமுதாயம் என்னும் மாளிகையில் தமக்குள்ள பங்கையும் விட்டுக்கொடார். அதே மாதத்திலேதான் லாகூரில் முஸ்லிம் லீக் பிரிவினைக்கு வித்திட்ட தீர்மானத்தை நிறைவேற்றியது.

1942இல் அஹமத்நகர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். மறு ஆண்டு அவர்தம் மனைவியார் ஜுலைகா பேகம் கல்கத்தாவில் நோயுற்றார். ஏதேனும் விண்ணப்பம் உண்டாயின் உடனே மேலிடத்திற்கு அனுப்புவதாகச் சிறை அதிகாரி கூறியும், சர்க்காரிடம் சலுகை கேட்க அவர் இசையவில்லை. அம்மையார் 1943 ஏப்ரலில் காலமானார். கணவர் முகம் காணும் பேறு இருவர்க்கும் கிட்டாமற் போயிற்று.

பிரிவினையைக் கடைசிவரை எதிர்த்தார், தடுக்க இயலவில்லை. 1947இல் தில்லி பற்றியெரிந்தபோது, பல்லாயிரம் முஸ்லிம்கள் புராண கிலாவிலும் ஹுமாயூன் சமாதியிலும் அடைக்கலம் புகுந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஜும்மா மசூதியில் திரண்டிருந்தோர் முன் மௌலானா பேசினார். தம் எச்சரிக்கையைக் கேளாததைக் கடிந்துகொண்டார். முன்னோர் கட்டிய இந்நகரை விட்டு எங்கே செல்கின்றீர்கள் என்று வினவினார். புதிய அரசிடம் நற்சான்றிதழ் கேட்டு நிற்கவும் வேண்டா, அந்நியர் ஆட்சியில் செய்ததுபோல் முகமன் பாடவும் வேண்டா என்று அறிவுறுத்தினார். மூட்டை கட்டியிருந்தோர் பலர் அதனை அவிழ்த்தனர் என்பர்.

கல்வி மந்திரியாக அவர் எதிர்கொண்ட வினாக்கள் எளியவை அல்ல. சமயக் கல்வியை அரசு அறவே கைவிட்டால் அது குறுகிய நோக்கினர் கைக்குப் போய்விடுமே என்று 1948இல் கவலையுற்றார். ஆயினும், முழுதும் அரசின் பொருளால் நடக்கும் கல்விக்கூடங்களில் சமய போதனை கூடாதென அரசியல் சாசனம் விதித்தபின், அந்நெறியிலேயே நின்றார். 1951இல் காசி ஹிந்து சர்வகலாசாலைக்கும் அலிகட் முஸ்லிம் சர்வகலாசாலைக்கும் உரிய சட்டங்கள் ஒருசேரத் திருத்தப்பட்டன. சமயப் பாடத்தின் கட்டாயம் நீங்கிற்று. ஒருவர்க்கு ஓர் அளவுகோல், மற்றவர்க்கு வேறோர் அளவுகோல் என்பது அங்கே இல்லை. சங்கீத நாடக, சாகித்திய, லலித கலா அகாடமிகள் தோன்றியதும் அவர் காலத்திலேயே.

1958 பிப்ரவரி 22ஆம் நாள் மௌலானா மறைந்தார். பாரத ரத்தினம் 1992இல்தான் அளிக்கப்பெற்றது. மதச்சார்பற்ற என்னும் சொல் அரசியல் சாசனத்தின் முகவுரையில் 1976இல்தான் ஏறிற்று. சொல் ஏறுமுன்பே அதன் பொருளை வாழ்ந்து காட்டியவர் அவர்.

சமயத்தாலோ மொழியாலோ சிறுபான்மையாய் உள்ளோர் தமக்குரிய கல்விக்கூடங்களை நிறுவி நடத்தலாம் என்கிறது அச்சாசனத்தின் 30ஆம் பிரிவு. மதரஸாவுக்குக் காவலாய் நிற்கும் அவ்வரிகளே, இத்தலைநகரில் நம் குழந்தைகள் பயிலும் தமிழ்ப் பள்ளிக்கும் காவல். ஒருவர் கூரையைப் பிரிக்க முற்பட்டால் மற்றவர் கூரையும் நில்லாது. அடுத்த முறை செங்கோட்டைக்குச் செல்லும்போது, அக்கல்லறையின் அருகே சிறிது நேரம் நின்று வருவோமாக.