பட்டாணிச் செடியில் பாடம் கண்ட மெண்டல்

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஏன் ஒன்றுபோல் இருப்பதில்லை? மகனிடம் காணப்படாத பாட்டனின் சாயல் பேரனிடம் தோன்றுவது எவ்வாறு? நெடுங்காலம் உலகை மயக்கிய இவ்வினாக்களுக்கு விடைகாண வழிவகுத்தவர் ஓர் ஏழைக் குடியானவரின் மகன் என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டுமென விழைகின்றோம்.

கிரிகோர் மெண்டல் 1822 ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அந்நாளைய ஆஸ்திரியப் பேரரசைச் சார்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று செக் குடியரசில் உள்ளது. அவருடைய தந்தையார் வாரத்தில் மூன்று நாட்கள் நிலக்கிழாருக்குக் கட்டாய உழைப்புச் செய்ய வேண்டியவர். சிறுவனின் கூர்த்த மதியைக் கண்ட ஊர்ப்பள்ளி ஆசிரியர் மேற்படிப்புக்கு ஊக்கமளித்தார். 1838 இல் மரம் விழுந்து தந்தையார் உடல் நலிந்தார். பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அரைவயிறு உண்டு பயின்றார் மெண்டல். அதுவும் போதாதபோது, தங்கை தெரேசியா தம் சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் கல்விக்கு ஈந்தார்.

1843 இல் புரூன் நகரத்துத் துறவிமடத்தில் சேர்ந்தார். ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850 இல் தோல்வியுற்றார். 1856 இல் மீண்டும் முயன்றும் வெற்றி கிட்டவில்லை. எனினும் சோர்ந்தாரல்லர். அவ்வாண்டு முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து, எண்ணி, கணக்கிட்டார்.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது பிறந்தவை யாவும் உருண்டை. ஆயின் அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளோடு 1,850 சுருங்கிய விதைகளும் தோன்றின. மறைந்த பண்பு அழியவில்லை, உள்ளே ஒளிந்திருந்தது. மேலும், உருண்டை மஞ்சளையும் சுருங்கிய பச்சையையும் கலந்து கண்ட இரண்டாம் தலைமுறையில், உருண்டைப் பச்சை, சுருங்கிய மஞ்சள் என முன்னோரிடம் இல்லாத புதுச் சேர்க்கைகளும் பிறந்தன.

இதன் காரணம் பின்னரே விளங்கிற்று. நம் உடலணுக்களில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தை தந்தது. மற்றொன்று தாய் தந்தது. விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது குன்றல் பகுப்பு நிகழ்கின்றது. அப்போது இணைகள் பிரிந்து, இணைக்கு ஒன்றாக மட்டுமே செல்கின்றன. எந்த இணையிலிருந்து எது செல்லும் என்பதற்கு வரையறை இல்லை. ஆகவே ஒருவரிடமிருந்தே 80 இலட்சத்திற்கும் மிகுதியான சேர்க்கைகள் தோன்றக்கூடும். பிரியுமுன் இணைகள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் அவ்வெண்ணிக்கை மேலும் பெருகுகின்றது. பின்னர்த் தாயின் அணுவும் தந்தையின் அணுவும் கலக்கின்றன. ஆதலின், ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் நீங்கலாக, எப்பிள்ளையும் பிறிதொன்றன் படி அன்று.

குரோமோசோம்களைப் பற்றி ஏதும் அறியாமலே, எண்ணிக்கை கொண்டே இவ்வுண்மையை அணுகினார் மெண்டல். 1865 இல் அவர் படித்த கட்டுரை மறு ஆண்டு அச்சேறிற்று. அதன் அருமையை உணர்ந்தாரிலர். 1868 இல் மடத்தலைவரான அவர் 1884 இல் மறைந்தார். 1900 இல் அறிஞர் மூவர் தனித்தனியே அதே முடிவுகளைக் கண்டபோதுதான் உலகம் அவரை நினைந்தது.

பெற்றோர் யாரென வினவிப் பிள்ளையின் எல்லையை வரையறுப்போர் இன்றும் உளர். ஒவ்வொரு பிறப்பும் ஒரு புதுச் சேர்க்கை என்கின்றது அறிவியல். ஆயின் முளைக்கும் விதைக்கும் நீர் வேண்டும். அந்நீரே கல்வி என்பது எம் பணியில் யாம் கண்ட உண்மை. தெரேசியாவின் சீதனப் பங்கு அத்தகைய நீரேயாம். மெண்டலும் அக்கடனை மறந்தாரல்லர். தங்கை மைந்தரின் படிப்புக்குப் பின்னாளில் உதவினார். இளைஞர்களே, வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் உதவியால் பயின்றோர் ஒவ்வொருவரும் பயில வழியற்ற மற்றொரு பிள்ளையைக் கைதூக்கிவிட வேண்டுமென வேண்டி அமைகின்றோம்.