பெல் விட்டுச் சென்ற படங்கள்

மாத்தளை மாவட்டத்தின் வடபால், காட்டினிடையே தனித்து நிமிர்ந்து நிற்கும் சிகிரியாக் குன்றினைக் காணச் செல்வோர், ஐந்தாம் நூற்றாண்டில் அதனைத் தலைநகராக்கிய காசியப்பனை நினைவுகூர்வர். அக்குன்றினைத் தாளிலும் வண்ணத்திலும் பதித்து வைத்த எச். சி. பி. பெல்லை நினைப்போர் சிலரே. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியனாகிய நான், அவரைப் பற்றியும் சொல்லாமல் திரும்புவதில்லை.

பெல் 1851 இல் இந்தியாவிற் பிறந்தவர். 1873 இல் இலங்கைச் சிவில் சேவையில் அமர்ந்து, 1890 இல் தொல்பொருளாராய்ச்சித் துறையின் முதல் ஆணையாளராகி, 1912 வரை அப்பொறுப்பினை வகித்தார். சிகிரியாவில் காடு வெட்டி, மண் அகற்றி, 1898 இல் சிங்கத்தின் பெரும் பாதங்களை வெளிக்கொணர்ந்தவர் அவரே. அகழ்வோன் கலைத்த மண்ணை மீண்டும் முன்போல் அடுக்க இயலாது. ஆதலின், கண்டதை உடனுக்குடன் அளந்து வரைதல் அவர் பணியின் உயிர்நாடியாயிற்று.

பாறைக் குடைவில் தீட்டப்பெற்ற நங்கையர் ஓவியங்களை அவருக்கு முன்னரே, 1889 இல், மரே என்னும் பொறியியலாளர் ஏறிச் சென்று படியெடுத்திருந்தார். பெல்லின் படவரைஞர் டி. ஏ. எல். பெரேரா, 1896, 1897 ஆம் ஆண்டுகளில், செங்குத்துப் பாறையின் உயரத்திலிருந்து அவற்றை எண்ணெய் வண்ணத்திற் படியெடுத்தார். அப்படிகள் கொழும்பு நூதனசாலையை அடைந்தன. ஆணையிட்டவர் பெயருக்கு அருகே, தூரிகை பிடித்தவர் பெயரையும் வைப்பதே முறை.

படிகளின் அருமையைக் காலம் உணர்த்திற்று. 1967 ஒக்டோபரில் கயவர் சிலர் மூல ஓவியங்களின்மீது பச்சை வண்ணம் பூசிச் சிதைத்தனர். இத்தாலிய வல்லுநர் லூச்சியானோ மரன்சி அவற்றைச் சீராக்கினார். நூற்றாண்டுகள் பல தாங்கிய ஓவியம் ஓரிரவிற் புண்படுமெனின், அதன் படி எத்துணை இன்றியமையாதது!

ஆயினும் படியும் அழியும் பொருளே. பெரிய வரைபடத்தை மடித்தால் மடிப்பில் நார் முறியும். இறுகச் சுருட்டினால் வெடிக்கும். தாளிலுள்ள அமிலம் அதனை உள்ளிருந்தே அரிக்கும். நம் நாட்டின் ஈரமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் வெளியிலிருந்து அரிக்கும். அகன்ற, ஆழமற்ற இழுப்பறைகளில், அமிலமற்ற தாளுறைக்குள் தட்டையாகக் கிடத்துவதே நன்று. இழுப்பறைக்கு அடங்காததைப் பருமனான உருளையின் வெளிப்புறத்தே தளர்வாகச் சுற்றலாம். கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டலாகாது. அதன் பசை பின்னர் பழுப்புக் கறையாகத் தங்கிவிடும். இக்காலத்தில் மின்னணுப் படியும் எடுக்கலாம். அதனை எடுத்தபின் மூலத்தை எறிந்துவிடலாகாது.

பெல் 1937 இல் கண்டியில் மறைந்தார். மாலைதீவு பற்றி அவர் வாழ்நாளெல்லாம் உழைத்து எழுதிய பெருநூல் 1940 இலேயே அச்சேறிற்று. எழுதியவர் மறைந்த பின்னும் எழுத்து நம் கைக்கு வந்தது, இடையில் அதனைப் பிறர் பேணியமையால் அன்றோ?

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலை அலமாரியின் மேல் தூசு படிந்து கிடக்கும் பழைய நிலப்படத்தை இறக்கி, விரித்து, தட்டையாக வையுங்கள். பெல்லுக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.